கொழிஞ்சாம்பாறையிலிருந்து விம்பிள்டன் வரிசைக்கு: காகிதம், செலவு, நாள் கணக்கு

லண்டனில் நடக்கும் விம்பிள்டன் டென்னிஸ் போட்டிக்குப் போய் வந்தேன் என்றால், ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "டிக்கெட் எப்படிக் கிடைத்தது?" என்பதுதான். டிக்கெட்டுக்கு நான் பட்ட பாடு ஒரு ராத்திரி. காகிதத்துக்குப் பட்ட பாடு இரண்டு வருடம். 2024ல் விசா மறுக்கப்பட்டு, 2025ல் கிடைத்துப் போய் வந்தேன். பாலக்காடு மாவட்டத்து எல்லையில், வீடு கேரளத்திலும் வேலை பொள்ளாச்சியிலுமாக இருக்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சில சிக்கல்கள் தனியாக உண்டு. குமுளி, மூணாறு, ஆந்திரப் பக்கம் நகரி, சித்தூர், குப்பத்துக்காரர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். என் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. நாள் கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள்

போட்டி ஜூன் கடைசித் திங்களன்றோ ஜூலை முதல் திங்களன்றோ தொடங்கி 14 நாள் நடக்கும். 2025ல் ஜூன் 30 முதல் ஜூலை 13 வரை. 2026ல் ஜூன் 29 முதல் ஜூலை 12 வரை. பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். அதனால் மார்ச் கடைசியில் விண்ணப்பத்தைத் தொடங்கி, ஏப்ரல் நடுவுக்குள் கைரேகை கொடுத்துவிடுங்கள். மே மாதம் வேண்டாம். அப்போது பிள்ளைகளை லண்டனுக்கு அழைத்துப் போகும் குடும்பங்களும், படிக்கப் போகிறவர்களும் சேர்ந்து விசா மையத்தில் நேரம் கிடைப்பதே பாடாகிவிடும்.

வங்கிக் கணக்கு ஆறு மாதத்துக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். அப்படியானால் முந்தைய அக்டோபரிலிருந்தே கவனம் தேவை. பாஸ்போர்ட்டில் திருத்தம் இருந்தால் அதற்கும் முன்னால். ஆக, அடுத்த ஜூனுக்கான வேலை இந்த ஓணத்துக்குப் பிறகு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் உங்கள் பெயரை ஒரே பெயராக்குங்கள்

எல்லைக்காரர்களின் பெரிய வியாதி இதுதான். என் ஆதாரில் சுப்பிரமணியன், பான் கார்டில் சுப்பிரமணியம். அப்பா வேலுச்சாமி, தோப்புக்குக் கரம் (நிலவரி) கட்டிய ரசீதில் மலையாளத்தில் வேலுஸ்வாமி ஆகிவிட்டார். தமிழ்வழிப் பள்ளிச் சான்றிதழில் வெறும் வே. என்ற இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே அப்பா பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியதில் மட்டும் நான்கு விதம் இருந்தது.

கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா சென்டரில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஆதாரை ஒரு கையிலும் பான் கார்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, "சேட்டா, இது ரெண்டு ஆளாணோ?" என்றாள். சிரிப்பு வரவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் அதற்கு மாற்றுங்கள். மாற்ற முடியாத பழைய ஆவணங்களுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கேரளத்தில் வருவாய்த்துறை ஒரு சான்றிதழ் தருகிறது. 'ஒன் அண்ட் சேம்' என்று சொன்னாலே அக்ஷயாவில் புரிந்துகொள்வார்கள். அங்கேயே விண்ணப்பித்தால் வில்லேஜ் ஆபீஸுக்குப் போகும். எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஆந்திரப் பக்கத்தவர்கள் மீசேவா மையத்தில் விசாரியுங்கள். வழி கிடைக்காவிட்டால் நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம்.

பாஸ்போர்ட்டே இல்லாதவர்களுக்கு: 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. விண்ணப்பத்தை எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் போலீஸ் விசாரணை நீங்கள் எழுதிய இப்போதைய முகவரிக்குத்தான் வரும். பொள்ளாச்சியில் வாடகை அறை, பாலக்காட்டுச் சித்தூர் தாலூகாவில் வீடு என்று இரண்டு இருப்பவர்கள், யார் வந்து கேட்டாலும் ஆள் இருக்கும் முகவரியைக் கொடுங்கள்.

3. பணம் திடீரென்று வரக்கூடாது

2024ல் நான் விழுந்த பள்ளம் இது. கணக்கில் ஒன்றேகால் லட்சம்தான் இருந்தது. ஏஜென்ட் ஒருவர், "பேலன்ஸ் குறைவு, நாலு லட்சமாவது காட்டுங்கள்" என்றார். மாமாவிடம் மூன்று லட்சம் வாங்கிப் போட்டேன், பத்து நாளில் விண்ணப்பித்தேன். மறுப்புக் கடிதத்தில் இரண்டாவது பத்தியே அந்த மூன்று லட்சம்தான். வருமானத்துக்குப் பொருந்தாத தொகை, எங்கிருந்து வந்தது என்று விளக்கம் இல்லை, அதனால் பயணத்தின் நோக்கத்தையும் நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். இந்த வகை விசாவில் மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. கட்டணமும் திரும்பாது. அன்றைக்கு 115 பவுண்டு, பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல், போயே போச்சு.

மறுமுறை மாமா பணம் இல்லாமல் போனேன். மாதச் சம்பளம், தேங்காய் விற்ற பணம், மாதம் எட்டாயிரம் போட்ட ஆர்.டி. முதிர்ந்த தொகை, அவ்வளவுதான். மொத்தம் இரண்டே முக்கால் லட்சம். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எப்படி வந்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். தேங்காய்ப் பணத்தை வியாபாரி ரொக்கமாகக் கொடுப்பார். அதை வாங்கி மொத்தமாக வங்கியில் கட்டினால் அதுவும் சந்தேகம்தான். ஆறு மாதத்துக்கு மட்டுமாவது வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள், துண்டுச் சீட்டுகளையும் எடுத்து வையுங்கள். சொந்தக்காரர் உண்மையிலேயே செலவு ஏற்கிறார் என்றால், அவருடைய கணக்கு விவரமும் உறவுக்கான ஆதாரமும் ஒரு கடிதமும் சேர்த்து வெளிப்படையாகக் காட்டுங்கள். ஒளித்து வைப்பதுதான் வினை.

4. திரும்பி வருவீர்கள் என்பதற்கான காகிதம்

வேலை செய்யும் இடத்தின் கடிதம் (பதவி, சம்பளம், எத்தனை வருடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை விடுப்பு), ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, நிலம் இருந்தால் அதன் ஆவணம், குடும்ப விவரம்.

இங்கேதான் மொழிப் பிரச்சினை. ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத எதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். கேரளத்துக் கரம் ரசீது மலையாளம், தமிழ்நாட்டுப் பக்கம் தோட்டம் இருந்தால் பட்டா தமிழ், சித்தூர்க்காரர்களின் பட்டாதார் பாஸ் புத்தகம் தெலுங்கு. மொழிபெயர்த்தவர் இது சரியான மொழிபெயர்ப்புதான் என்று எழுதி, தேதி, முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் போட வேண்டும். இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் அந்தத் தாள் வீண். எனக்குப் பக்கத்துக்கு 400 ரூபாய் ஆனது. ஐந்து பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். மூல ஆவணத்தின் நகலையும் மொழிபெயர்ப்போடு சேர்த்தே வையுங்கள்.

ஒரு பக்கக் கடிதமும் அவசியம். டிக்கெட் இல்லாமல் டென்னிஸ் பார்க்கப் போகிறேன் என்றால் யாருக்கும் விசித்திரமாகத்தான் தெரியும். முதல் முறை ஏஜென்ட் 'சுற்றுலா' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இரண்டாம் முறை நானே எழுதினேன்: வரிசையில் நின்று அன்றன்றைக்கு டிக்கெட் வாங்கப் போகிறேன், இத்தனை நாள், இன்ன இடத்தில் தங்கல், இவ்வளவு செலவு, இன்ன தேதியில் வேலையில் சேர வேண்டும். வரிசை என்பது விம்பிள்டன் அமைப்பே முறையாக நடத்தும் விற்பனை. சொல்ல வெட்கப்படத் தேவையில்லை.

5. விண்ணப்பமும் கொச்சிப் பயணமும்

விசாவின் பெயர் ஸ்டாண்டர்ட் விசிட்டர். ஆறு மாத விசாவுக்கு 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆனது. இந்தக் கட்டணம் ஏறிக்கொண்டே இருப்பது, அதனால் கட்டும் அன்று பாருங்கள். விண்ணப்பத்தைப் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்திலேயே நீங்களே நிரப்பலாம். அதே மாதிரி தோற்றத்தோடு 'உதவி'க் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், ஏமாறாதீர்கள். விமான டிக்கெட்டை விசாவுக்கு முன்னால் வாங்க வேண்டியதில்லை.

கைரேகைக்கும் போட்டோவுக்கும் பாலக்காட்டிலிருந்து கொச்சி வசதி, காலை ரயிலில் போய் மாலை திரும்பிவிடலாம். நகரி, சித்தூர்க்காரர்களுக்குச் சென்னை. ஆவணங்களை வீட்டிலிருந்தே ஸ்கேன் செய்து ஏற்றிவிடுங்கள். மையத்தில் ஏற்றச் சொன்னால் தனிக் கட்டணம். அங்கே லவுஞ்ச், எஸ்எம்எஸ், கூரியர் என்று வரிசையாகக் கேட்பார்கள். எதுவும் கட்டாயமில்லை. நான் கூரியர் மட்டும் வாங்கினேன், இன்னொரு முறை எர்ணாகுளம் போய் வருவதற்கு அது மேல்.

நான் விண்ணப்பித்தபோது, முடிவு வந்துவிட்டது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. கிடைத்ததா இல்லையா என்று அதில் இல்லை. உறையைக் கிழித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எனக்குப் பதினான்காவது வேலை நாளில் வந்தது.

6. டிக்கெட்டுக்கு மூன்று வழி

ஒன்று, குலுக்கல். விம்பிள்டன் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, முந்தைய செப்டம்பர் வாக்கில் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுக்கக் காசில்லை. விழுந்தால் எந்த நாள், எந்தக் கோர்ட் என்று அவர்களே சொல்வார்கள், நமக்குத் தேர்வு கிடையாது. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஆளுக்கு ஒரு முறைதான்; நான்கு மின்னஞ்சல் வைத்து நான்கு முறை போடும் சாமர்த்தியம் எல்லாவற்றையும் ரத்தாக்கிவிடும்.

இரண்டு, டிபெஞ்சர் டிக்கெட், அதாவது விம்பிள்டனின் கடன்பத்திரம் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் டிக்கெட். விதிப்படி கைமாற்றி விற்கக்கூடியது இது ஒன்றுதான். விலை நம் ஊரில் ஒரு பைக் வாங்கும் அளவுக்குப் போகும், விடுங்கள். வேறு டிக்கெட்டை யாராவது சமூக ஊடகத்தில் விற்றால் தொடாதீர்கள். பெயர் மாற்ற முடியாத டிக்கெட் அது, வாசலில் உங்களை நிறுத்திவிடுவார்கள்.

மூன்று, வரிசை. நம் வழி இதுதான்.

7. விமானமும் தங்குமிடமும்

கொச்சியிலிருந்து வளைகுடா வழியாக எனக்குப் போக வர 71,000 ரூபாய் ஆனது. சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு, ஆனால் நான் பார்த்தபோது விலை கூடுதல். சாப்பாட்டுப் பொருள் எடுத்துப் போகிறவர்கள் கவனியுங்கள். பால், இறைச்சி சேர்ந்த எதையும் அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. பால்கோவாவும் நெய்யும் வீட்டோடு இருக்கட்டும். நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு பாக்கெட் கொண்டுபோனேன், வரிசையில் அதுதான் எனக்கு நண்பர்களைச் சேர்த்துக் கொடுத்தது.

தங்க டூட்டிங் பகுதியைப் பாருங்கள். விம்பிள்டனுக்குப் பக்கம், தோசையும் கொத்து பரோட்டாவும் கிடைக்கும் தமிழ்க் கடைகள் நிறைய. இலங்கைத் தமிழர்கள் நடத்தும் கடையில் "எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. விம்பிள்டனிலேயே ஒரு பிள்ளையார் கோவிலும் உண்டு. ஒரு வீட்டில் தனி அறைக்கு இரவுக்கு 55 பவுண்டு கொடுத்தேன். டெலிகேட்டசன் என்னும் ஆயத்த உணவுக் கடைகளில் புகுந்தால் ஒரு சாண்ட்விச்சுக்கே நம் ஊர் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு ஆகிவிடும்.

லண்டன் பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். தொட்டுக் கட்டும் வசதியுள்ள கார்டு வேண்டும். வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு போதும். பாதாள ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் அதே கார்டையே தொடுங்கள். ஏறும்போது கார்டு, இறங்கும்போது போன் என்றால் இரண்டு தனிப் பயணமாகக் கணக்கிட்டு அதிகமாகப் பிடித்துவிடும்.

8. வரிசை

இறங்க வேண்டிய நிலையம் சவுத்ஃபீல்ட்ஸ், டிஸ்ட்ரிக்ட் லைனில். விம்பிள்டன் நிலையம் என்று பெயரைப் பார்த்து அங்கே இறங்கினால் நடை கூடும். சவுத்ஃபீல்ட்ஸிலிருந்து கால் மணி நேர நடையில் விம்பிள்டன் பார்க். உள்ளே போனதும் தேதியும் எண்ணும் போட்ட வரிசைச் சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டுதான் உங்கள் சொத்து, கடைசி வரை தொலைக்காதீர்கள்.

கணக்கு எளிது. சென்டர் கோர்ட், 1ஆம் கோர்ட், 2ஆம் கோர்ட் ஒவ்வொன்றுக்கும் தினமும் ஏறக்குறைய 500 டிக்கெட்டை வரிசைக்கென்று ஒதுக்குகிறார்கள். அதற்கு மேல், சின்னக் கோர்ட்டுகளைப் பார்க்கச் சில ஆயிரம் மைதான நுழைவுச் சீட்டு. ஆக, உங்கள் எண் 1,500க்குள் இருந்தால் பெரிய கோர்ட் ஒன்று கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்கு முந்தைய நாளே வந்து டென்ட் போட்டுப் படுக்க வேண்டும். மைதானச் சீட்டு மட்டும் போதும் என்றால் அதிகாலை முதல் ரயிலில் வந்தாலும் பெரும்பாலும் நடக்கும். கடைசி நான்கு நாளுக்கு சென்டர் கோர்ட் டிக்கெட் வரிசையில் கிடையாது, அதனால் முதல் வாரம் போங்கள். 18 கோர்ட்டிலும் ஆட்டம் நடப்பதும் அப்போதுதான்.

நான் முதல் வாரப் புதன்கிழமை சாயங்காலம் சேர்ந்தேன். எண் 1,300ஐ ஒட்டி. டென்ட் கோயம்புத்தூரில் 1,800 ரூபாய்க்கு வாங்கியது. இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு மேல் பெரிய டென்ட்டுக்கு அனுமதியில்லை. வெளிச்சம் இரவு ஒன்பதரை வரை இருந்தது. அப்புறம் குளிர் பிடித்தது பாருங்கள். பாலக்காட்டுக் காற்றில் வளர்ந்த உடம்பு, ஜூலை என்றால் கோடைதானே என்று ஒரு போர்வையோடு போயிருந்தேன். புல்லின் ஈரம் தரை விரிப்பைத் தாண்டி முதுகில் ஏறியது. இரண்டு மணிக்கு எழுந்து பேன்ட்டுக்கு மேல் வேட்டியையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து டென்ட் ஆங்கிலேயப் பாட்டி, வருடா வருடம் வருகிறவராம், ஒரு பழைய செய்தித்தாள் கட்டைக் கொடுத்து அடியில் விரிக்கச் சொன்னார். வேலை செய்தது. நீங்கள் ஸ்லீப்பிங் பேக்கும் அடியில் போட ஃபோம் ஷீட்டும் எடுத்துப் போங்கள்.

விதிகள் கண்டிப்பு. ஆளுக்கு ஒரு டிக்கெட். தம்பிக்கும் சேர்த்து இடம் பிடிப்பது செல்லாது. சபரிமலை சீசனில் பையை வைத்து இடம் பிடித்துப் பழகியவர்களுக்குச் சொல்கிறேன், அங்கே டென்ட்டை மட்டும் நிறுத்திவிட்டு அறைக்குப் போய்த் தூங்கினால் இடம் போய்விடும். கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி நேரம் வரை போய் வரலாம். அடுப்பு பற்றவைக்கக் கூடாது.

காலையில் சீக்கிரமே ஊழியர்கள் வந்து எழுப்புவார்கள். டென்ட்டை மடித்துக் கட்டணம் கட்டிப் பொருள் வைக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும், உள்ளே கொண்டுபோக முடியாது. பிறகு பெரிய கோர்ட் கிடைக்கும் எண் உள்ளவர்களுக்குக் கையில் பட்டை கட்டுவார்கள். உள்ளே விடுவது பத்து மணிக்கு. விம்பிள்டன் செயலியில் கணக்கை ஊரிலேயே தொடங்கிவிடுங்கள், பவர் பேங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் இல்லாமல் நின்ற ஒருவரை அந்தக் காலையில் பார்த்தேன், பாவமாக இருந்தது.

9. உள்ளே போனபின்

எனக்கு 2ஆம் கோர்ட் கிடைத்தது. மைதானச் சீட்டு அந்த ஆண்டு முதல் வாரத்தில் 30 பவுண்டு, பெரிய கோர்ட்டுகள் அதற்கு மேல். மைதானச் சீட்டு என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். சின்னக் கோர்ட்டுகளில் முதல் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரரின் ஷூ புல்லில் வழுக்கும் சத்தம்கூடக் கேட்கும். டிவியில் பந்து இவ்வளவு வேகம் என்று தெரிவதே இல்லை. சின்னக் கோர்ட்டுகளில் ஆட்டம் பதினொரு மணிக்கே தொடங்கிவிடும், சென்டர் கோர்ட்டில் ஒன்றரைக்கு. நம் ஊர் நேரத்துக்கு நாலரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மதியத்துக்கு மேல், கிளம்பிப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் பெரிய கோர்ட் டிக்கெட்டுகளை, உள்ளே இருப்பவர்களுக்கே 10, 15 பவுண்டுக்கு மறுபடி விற்கிறார்கள். பணம் தர்மத்துக்குப் போகிறது. செயலியில் வரிசை போட்டு வைக்க வேண்டும். சாயங்காலம் எனக்கு அப்படித்தான் சென்டர் கோர்ட்டுக்குள் இடம் கிடைத்தது, 15 பவுண்டுக்கு.

பை 40க்கு 30க்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. சாப்பாடு கொண்டுபோகலாம். டூட்டிங் கடையில் வாங்கிய புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பையைச் சோதித்தவர் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஸ்ட்ராபெரியும் கிரீமும் மட்டும் அங்கேயே வாங்குங்கள், பல வருடம் இரண்டரை பவுண்டாக இருந்து 2025ல் 2.70 ஆனது. மற்ற எல்லாம் விலை அதிகம்.

10. ஆன செலவு

விசாவும் மொழிபெயர்ப்பும் கூரியரும் சேர்த்து 18,500 ரூபாய். விமானம் 71,000. ஏழு இரவில் ஆறுக்கு அறை வாடகை, 38,000. சாப்பாடும் ரயிலும் பஸ்ஸும் 17,000. இரண்டு நாள் ஆட்டம், மறுவிற்பனை டிக்கெட் எல்லாம் சேர்த்து 14,000. டென்ட், ஜாக்கெட், உள்நாட்டு ரயில், சில்லறை 9,000. ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்துக்குப் பக்கம் வந்தது. பவுண்டை 116 ரூபாய் என்று போட்ட கணக்கு. நீங்கள் பத்து சதவீதம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். 2024ல் மறுப்பில் போனதை இதில் சேர்க்கவில்லை, வீட்டிலும் முழுத் தொகையைச் சொல்லவில்லை.

டென்ட் பரணில் கிடக்கிறது. ஒரு கம்பி லேசாக வளைந்திருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அடுத்த ஜூனில் இந்தப் பக்கத்திலிருந்து போகிறவர் யாராவது கேட்டால், ஸ்லீப்பிங் பேக்கைத் தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கொடுப்பேன்.